மேலூர்க் கழிவு கீழூர்க்குக் குடிநீரோ?

வெற்றிலையை வேகவைத்து உண்பார் இலர். கொடியினின்று கிள்ளிய இலை கவுளியாக அடுக்கப்பெற்றுக் கூடையேறிச் சந்தையேறிக் கைக்கு வந்து சேர்கின்றது. காம்பும் நுனியும் கிள்ளிச் சுண்ணாம்பு தடவிய அளவில் நேரே வாய்க்குள் போகின்றது. இடையில் நெருப்பு அதனை ஒருகாலும் தொடுவதில்லை. நெல்லாயின் உலையில் வேகும். வாழைக்காயாயின் தோலுரிபட்டு வேகும். கரும்பாயின் கொப்பரையில் கொதித்து வெல்லமாகும். வெற்றிலைக்கு அக்காப்பு எதுவும் இல்லை. ஆகலின் கொடிக்காலுக்குப் பாய்ந்த நீரில் என்ன இருந்ததோ, பறித்த இலை வாடாதிருக்கத் தெளித்த நீரில் என்ன இருந்ததோ, அதில் ஒரு பங்கு மெல்லுவார் வாய்க்கும் வந்து சேரும். மணவீட்டில் தாம்பாளத்தில் வைத்து நீட்டப்பெறும் மங்கலப் பொருளைப் பற்றி இவ்வாறு எழுத நேர்வது எவர்க்கும் இனிப்பன்று. எனினும் எழுதாமல் விட்டால் அவ்விலை தூய்மையாகி விடுவதில்லை.

பரமத்தி வேலூர் வட்டத்தின் கொடிக்கால்களுக்குப் பெரிதும் நீரூட்டுவது இராசவாய்க்கால். சேடர்பாளையம் படுகையணையில் காவிரியினின்று பிரியும் அவ்வாய்க்காலை வெட்டுவித்தவர் அல்லாள இளைய நாயக்கர் என்று அப்பகுதி உழவர்கள் இன்றும் நன்றியோடு சொல்வர். அதனோடு குமாரபாளையம் வாய்க்கால், பொய்யேரி வாய்க்கால், மோகனூர் வாய்க்கால் என்பனவும் சேர்ந்து, வானம் பார்த்த மேட்டு நிலத்துக்குத் தெற்கே, ஆற்றின் வடகரையை வாழையும் தென்னையும் கரும்பும் வெற்றிலையுமாகப் பசுமை குன்றாது வைத்துள்ளன. பாண்டமங்கலம், பொத்தனூர், வேலூர், வெங்கரை என அடுத்தடுத்துப் பேரூர்கள். இவ்வூர்கள் வாழ்வது வாய்க்காலால். வாய்க்கால் வாழ்வது காவிரியால்.

அக்காவிரி படுகையணைக்கு வந்து சேருமுன் எவ்வெவ்வூர்களைக் கடந்து வருகின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு கரையில் குமாரபாளையமும் பள்ளிபாளையமும். மறு கரையில் பவானியும் ஈரோடும். நான்கும் நெசவும் சாயமும் செழித்த ஊர்கள்; நான்கும் மக்கள் நெருங்கி வாழும் ஊர்கள். 1990களின் நடுவிலேயே நடுவணரசின் ஆறுகள் காப்புத் திட்டத்தில் இந்நான்கு ஊர்களும் திருச்சியும் சேர்க்கப்பெற்றன எனின், அப்பொழுதே நிலை எவ்வளவு முற்றியிருந்தது என்பது விளங்கும். படுகையணைக்குக் கீழே நொய்யல் வந்து காவிரியில் கலக்கின்றது. பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாக மாறி, உழவர்களே அணையின் நீர் வேண்டா என்று வழக்குமன்றம் ஏறிய கதையை நாடறியும். அணை கட்டித் தருக என்று கேட்ட உழவரை, அணைநீரைத் திறவாதே என்று கேட்கவைத்த பெருமை இந்நாட்டுத் தொழில் வளர்ச்சிக்கே உரியது.

இனி வடக்கிலிருந்து வருவது திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலைத்தொடரில் தெளிந்த சுனைநீராகப் பிறக்கும் அவ்வாறு சேலம் மாநகரின் ஊடே புகுந்து வெளியே வருங்கால் ஆறாக வருவதில்லை. வீட்டுச் சாக்கடையும் சாயப்பட்டறைக் கழிவும் சவ்வரிசி ஆலைக் கழிவும் சுமந்து, மழை பெய்தால் நுரை பொங்கி, வீரபாண்டி, ஆட்டையாம்பட்டி, வெண்ணந்தூர்ப் பக்கங்களைக் கடந்து, முடிவில் பரமத்தி வேலூர் வட்டத்து நஞ்சை இடையாற்றில் காவிரியோடு கலக்கின்றது. பெயரில் மணியும் முத்தும் உள. நீரில் அவை இல்லை. நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் இந்தியா முழுவதும் மாசுற்ற ஆற்றுப் பகுதிகள் 351 எனக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் அவை ஆறு. அவ்வாறனுள் திருமணிமுத்தாறு, சரபங்கா, வசிட்ட ஆறு ஆகிய மூன்றும் மிகக் கொடிய முதல் வரிசையில் வைக்கப்பெற்றன. மூன்றும் சேலத்து மண்ணின் ஆறுகள்.

இவ்வளவும் மேலிருந்து வரும் கேடு. இதனைச் சொல்லிச் சேலத்தையும் ஈரோட்டையும் திருப்பூரையும் பழித்துவிட்டு அமைந்துவிடுதல் எளிது. வேலூரில் கைத்தட்டலும் கிடைக்கும். ஆனால் வேலூரின் சாக்கடை எங்கே போகின்றது? பொத்தனூர்ச் சாக்கடையும் பாண்டமங்கலத்துச் சாக்கடையும் எங்கே சாய்கின்றன? நீர் தாழ்ந்த இடம் நோக்கியே ஓடும். ஆற்றங்கரை ஊருக்குத் தாழ்ந்த இடம் வாய்க்காலும் ஆறுமேயன்றி வேறில்லை. வேலூர்க்காரர்க்குச் சேலம் மேலூர். மோகனூர்க்காரர்க்கு வேலூர் மேலூர். முசிறிக்காரர்க்கு மோகனூர் மேலூர். காவிரியில் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களுக்காகத் தோண்டப்பெற்ற உறைகிணறுகள் கரை நெடுக உள்ளன. ஒருவர் கழித்ததை அடுத்தவர் வடிகட்டிக் குடிக்கும் இவ்வடுக்கில், எவரும் கீழூர் மட்டுமாக இருந்துவிட முடியாது.

முன்னாளில் இது தோன்றவில்லை. கரணியம் எளிது: நீர் குறைவாக வந்தது, குறைவாகவே கழிந்தது. கிணற்றில் இறைத்துத் தலையில் சுமந்து வந்த குடநீரை எவரும் வீணே கொட்டார். கொட்டியதும் கொல்லைப்புறத்து வாழைக்கும் முருங்கைக்கும் போயிற்று. இன்று வீடுதோறும் குழாய் வந்துவிட்டது. வந்தது நன்றே, பெண்டிர் குடமேந்தி அலைந்த கொடுமை ஒழிவதை எவர் வெறுப்பார்? 2019இல் தொடங்கிய நடுவணரசின் குழாய்நீர்த் திட்டம் சிற்றூர்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 இலிட்டர் என்று அளவு வைத்தது. கொடுத்த நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியியலார் கணக்கு. ஆயிரம் பேர் வாழும் சிற்றூரில் நாளொன்றுக்கு 44,000 இலிட்டர். ஐயாயிரம் பேராயின் 2,20,000 இலிட்டர். நீரை உள்ளே கொணரும் குழாய்க்குத் திட்டமும் திறப்புவிழாவும் கல்வெட்டும் உண்டு. அதே நீர் வெளியே போகும் வழிக்கு ஒன்றும் இல்லை. தெருவோரத்துத் திறந்த சாக்கடைதான். குழாய்த் திறப்புக்கு வந்த அமைச்சர் எவரும் சாக்கடை முடியும் இடம்வரை நடந்து பார்த்ததாகச் செய்தி இல்லை.

கழிவுநீர் ஆற்றுக்கு என்ன செய்கின்றது? நீரில் கரைந்த உயிர்வளியைக் கொண்டே மீன் வாழ்கின்றது. கோடை வெப்பத்தில் ஓர் இலிட்டர் நீர் தன்னுள் வைத்துக்கொள்ளக் கூடிய உயிர்வளி ஏறத்தாழ 8 மில்லிகிராமே. கழிவில் உள்ள அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்களும் அவ்வுயிர்வளியையே மூச்சாகக் கொள்ளும். ஓர் இலிட்டர் வீட்டுக் கழிவுநீரில் உள்ள அழுக்கைத் தின்று முடிக்க அவற்றுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை உயிர்வளி வேண்டும். 8 இருக்கும் இடத்தில் 200 கேட்டால் என்னாகும்? நீர் மூச்சடைத்துக் கறுக்கும், நாறும், மீன் செத்து மிதக்கும். ஆதலால்தான் உயிர்வளித் தேவை இலிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படாத அளவு தூய்மை செய்த பின்னரே கழிவுநீரை ஆறு குளங்களில் விடலாம் என்று சட்டத்தின்வழி பொது அளவு வைக்கப்பெற்றது. வெள்ளக் காலத்தில் காவிரி ஓரளவு தாங்கிக்கொள்ளும். மேட்டூர் மூடிக் கிடக்கும் கோடையில், மணற்பரப்பின் நடுவே ஓடைபோல் ஒடுங்கிக் கிடக்கும் ஆறு எதனைத் தாங்கும்?

கண்ணுக்குத் தெரியும் கறுப்பைவிடத் தெரியாத நோயணுக்களும் புழுமுட்டைகளும் கொடியன. கக்கல் கழிச்சலும் குடற்காய்ச்சலும் காமாலையும் நீர்வழி வருவன. உருண்டைப் புழுவின் முட்டை ஈரமண்ணில் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கிலும் கூட, சாகாமல் கிடக்கும்; குளோரின் அதனை ஒன்றும் செய்யாது. பச்சையாக உண்ணும் பயிருக்குப் பாய்ச்சும் நீரில் நூறு மில்லிலிட்டருக்கு ஆயிரத்துக்கு மேல் மலக்குடல் நுண்ணுயிர் இருத்தலாகாது, இலிட்டருக்கு ஒரு புழுமுட்டைக்கு மேல் இருத்தலாகாது என்று உலக நலவாழ்வு அமைப்பு 1989இலேயே வரையறை செய்தது. வெற்றிலைக்கு அவ்வரையறை பொருந்தாது என்று சொல்வார் உளரோ?

வீட்டுக்கு வீடு மலத்தொட்டி கட்டியாயிற்றே, இனியென்ன என்பர் சிலர். தொட்டி செய்வது பாதி வேலைதான். கனமானது அடியில் தங்கும்; மேலே வழியும் நீரில் நோயணுக்களுள் பெரும்பாலன உயிரோடு வெளியேறும். அந்நீரை உறிஞ்சுகுழியில் விடாமல் தெருச் சாக்கடையில் இணைத்துவிட்டால், வீட்டுக்குள் இருந்த மலம் வாய்க்காலுக்கு வழி கண்டது, அவ்வளவே. அடிமட்டத்துக் கசடை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அகற்றுதல் வேண்டும். அகற்றும் ஊர்தி அதனை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகின்றது? கொட்டுதற்கென்று ஓர் இடம் ஊரில் இல்லையெனின் இரவும் இருளும் ஓடைக்கரையுமே இடம். ஓட்டுநரைத் திட்டிப் பயனில்லை.

அத்தொட்டிக்குள் ஆள் இறங்கும் கொடுமையை இவ்விடத்தில் சொல்லாமற் போவது அறமன்று. மாந்தன் மலத்தை மாந்தன் கையால் அள்ளுவதை 1993இல் ஒரு சட்டம் தடுத்தது. 2013இல் மற்றொரு சட்டம் இன்னும் கடுமையாகத் தடுத்தது. இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து இலக்கம் உருபா தருக என்று உச்ச வழக்குமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 2023இல் அதனை முப்பது இலக்கமாக உயர்த்தியது. இழப்பீட்டுத் தொகை உயர்ந்ததே தவிர இறக்கம் நிற்கவில்லை. நச்சுவளி சூழ்ந்த அக்குழிக்குள் இறங்குவார் எக்குலத்தார் என்று எவரும் கேட்க வேண்டுவதில்லை, எல்லார்க்கும் தெரியும். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடையில் முழங்குவோர் ஊரிலும் மலத்தொட்டி மூடியைத் திறக்க ஒரே தெருவிலிருந்துதான் ஆள் வருகின்றார். கழிவுநீர் அமைப்பை ஒழுங்குறச் செய்தல் பொறியியல் வேலை மட்டுமன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

வழி இல்லாமலில்லை. 1914இல் இங்கிலாந்தின் மான்செசுட்டர் நகரில் ஆர்டன், லாக்கெட் என்பார் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களைப் பெருக்கித் தூய்மை செய்யும் முறையைக் கண்டனர். பெருநகர்களில் இன்றும் அதுவே பெரிதும் நடைமுறை. அதற்கு இரவும் பகலும் மின்னாற்றல் வேண்டும், பொறி வேண்டும், தேர்ந்த ஆள் வேண்டும். சிறிய பேரூராட்சி ஒன்று அதனைக் கட்டினால், மின்கட்டணம் செலுத்த இயலாத நாளில் அது துருப்பிடிக்கும். பெருநகர்க்குத் தைத்த சட்டையைச் சிற்றூர்க்கு மாட்டுவதால் வரும் கேடு இது.

சிற்றூர்க்குத் தக்க முறை வேறு. நாமக்கல் சமவெளியில் குறைவில்லாமல் கிடைப்பது ஒன்றுண்டு, அது வெயில். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று குளங்கள் வெட்டி, ஆழமான முதற்குளத்தில் கசடு படியவிட்டு, ஓர் ஆள் கழுத்தளவு ஆழமுள்ள இரண்டாவதில் வெயில் படவிட்டால், அங்கே பாசி தானே வளரும். பாசி பகலெல்லாம் உயிர்வளி விடும்; அவ்வுயிர்வளியை மூச்சாகக் கொண்டு நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். ஆழம் குறைந்த மூன்றாவதில் கதிரவன் ஒளியே நோயணுக்களைக் கொல்லும். மொத்தத்தில் பத்து நாளுக்கு மேல் நீர் தங்குமாயின் புழுமுட்டைகள் அடியில் படிந்துவிடும். மின்னாற்றல் வேண்டா, மேடு பள்ளம் இருந்தால் போதும். நிலம் மிகக் குறைவாயின் சரளைக்கல் பரப்பிச் சம்பு, நாணல், கல்வாழை நட்டு அதனூடே நீரைக் கசியவிடலாம். செருமானிய அறிவியலார் கேத்தே சைடெல் அம்மையார் 1950களில் தொடங்கி ஆய்ந்து நிறுவிய முறை அது. இவற்றுள் எதற்காயினும் வெப்பநாட்டில் ஆளுக்கு ஒன்றிரண்டு சதுர மீட்டர் நிலம் போதுமானது. ஆயிரம் பேர் ஊருக்கு மிகுந்து போனால் அரை ஏக்கர். ஊருக்கு ஊர் வளைத்துப் போடப்பெற்ற புறம்போக்கில் அரை ஏக்கர் மீட்க முடியாதா?

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. கொல்கத்தாவின் கிழக்கே ஏறத்தாழ 12,500 எக்டேர் ஈரநிலத்தில் அம்மாநகரின் கழிவுநீர் ஆழமில்லாக் குளங்களில் வெயில் பட்டுத் தெளிந்து மீன் வளர்க்கின்றது. எழுத்தறிவில்லா மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்டறிவால் நடத்தி வந்த அவ்வமைப்பு 2002இல் உலக மதிப்புப் பெற்ற ஈரநிலமாக ஏற்கப்பெற்றது. தமிழ்நாட்டில் கருங்குழிப் பேரூராட்சி 2017இல் மலக்கசட்டை உலர்த்தித் தூய்மை செய்யும் நிலையத்தைத் தொடங்கியது. அது நகராட்சியோ மாநகராட்சியோ அன்று, வேலூர் போன்ற ஒரு பேரூராட்சியே. அதனினும் அண்மையில், காவிரியின் இதே வடகரையில், முசிறியில் 2006இல் சிறுநீரையும் மலத்தையும் வேறு வேறாகப் பிரித்து உரமாக்கும் பொதுக் கழிப்பிடத்தை ‘ஸ்கோப்’ என்னும் தொண்டமைப்பு எழுப்பியது. அவ்வமைப்பை நிறுவிய மராச்சி சுப்புராமனுக்கு 2021இல் நடுவணரசு பத்மசிறீ விருது தந்தது. விருது தந்த அளவுக்கு அவ்வழியைப் பின்பற்றினரா என்பது வேறு வினா. வேலூரிலிருந்து முசிறி வெளிநாடு அன்று. ஆற்றோடு நடந்தாலே போய்ச் சேரலாம்.

தெளிந்த நீரை என் செய்வது? அங்கேதான் உழவர்க்கு வருவாய். தென்னைக்கும் தீவனப் புல்லுக்கும் வேலிமரத்துக்கும் பாய்ச்சலாம். உரமாகும் சத்து அந்நீரிலேயே இருத்தலின் உரச்செலவு குறையும். அச்சத்தே வாய்க்காலில் கலந்தால் வெங்காயத் தாமரையை வளர்த்து மதகை அடைக்கும். தென்னந்தோப்பில் கலந்தால் குலை தள்ளும். வெற்றிலைக்கு மட்டும் வேண்டா. அதற்குக் கலப்பில்லா வாய்க்கால் நீரே போகட்டும்.

பழம்பெருமை பேசுவோர் இவ்விடத்தில் கீழடியை நினைப்பர். 2019இல் அங்கு ஐந்தாம் கட்ட அகழாய்வில் ஒன்றோடொன்று பொருத்திய சுடுமண் குழாய்கள் கிடைத்தன, மகிழத்தக்கதே. மணிமேகலையின் கச்சிமாநகர் புக்க காதை, வஞ்சி நகரத்து மனைகளின் கழிநீர் சுருங்கைத் தூம்பின் வழியே அகழியில் விழுந்ததைச் சொல்கின்றது. அந்நீர் விழுந்தது அகழியில். ஆற்றிலன்று என்பதையும் சேர்த்து நினைத்தல் நல்லது. ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே தூம்பு அமைத்த இனம் என்று மார்தட்டிவிட்டு, இன்றைத் தெருவில் திறந்த சாக்கடையைத் தாண்டிக் குதித்துக் கூட்டத்துக்குப் போவதில் என்ன பெருமை?

மற்றொன்று. இத்திட்டங்கள் பேரூராட்சி மன்றத்தின் மேசைக்கு வருங்கால் ‘எஸ்.டி.பி.’, ‘எஃப்.எஸ்.டி.பி.’, ‘டீவாட்ஸ்’ என்னும் எழுத்துக் கூட்டங்களாக வருகின்றன. வாய்க்கால், மடை, மதகு, தூம்பு, கண்மாய், கலிங்கு என்று நீரின் ஒவ்வொரு அசைவுக்கும் சொல் வைத்திருக்கும் மக்கள், தம் வீட்டுக் கழிவுநீரைப் பற்றிய தாளைப் படித்தறிய முடியாமல் கையெழுத்திடுகின்றனர். தெரியாத மொழியில் எழுதிய திட்டத்தில் எவரும் ஐயம் எழுப்பார். ஐயம் எழாத திட்டத்தில் எவ்வளவு கசிந்தது என்பதும் தெரியாது. ஆய்வில் கண்ட உயிர்வளித் தேவை, நுண்ணுயிர் எண்ணிக்கை ஆகியவற்றைத் திங்கள்தோறும் தமிழில் எழுதி ஊர்நடுவே பலகையில் வைத்தால், அது முப்பதுக்கு உட்பட்டதா மேற்பட்டதா என்பதைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும்.

மேட்டூர் முதல் திருச்சி வரை காவிரியையும், திருமணிமுத்தாறு, சரபங்கா உள்ளிட்ட துணையாறுகளையும் தூய்மை செய்ய ‘நடந்தாய் வாழி காவேரி’ என்னும் பெயரில் திட்டம் வகுக்கப்பெற்றுள்ளது. பெயர் இனிமையாகவே உள்ளது. அது வந்து சேரட்டும். சேலத்தில் நிலத்தடிச் சாக்கடைப் பணி ஆண்டுக் கணக்கில் இழுபட்டதை அறிந்தவர்கள் அதற்காகக் கைகட்டிக் காத்திரார். சேலத்தையும் சாயப்பட்டறைகளையும் வேலூர் தனித்துத் திருத்திவிட முடியாது. தன் சாக்கடையைத் திருத்த வேலூர்க்கு எவர் ஒப்புதலும் வேண்டா. தன் கழிவைத் தெளியவைத்த ஊர் மேலூரைத் தட்டிக் கேட்கும்போது அதன் குரலுக்கு வேறு எடை இருக்கும்.

முதல் வேலைக்குப் பணமும் வேண்டா, பொறியாளரும் வேண்டா. பழுதுபார்ப்புக்காக வாய்க்காலில் நீர் நிறுத்தப்பெறும் நாள்களில் ஊரார் இருவர் ஒரு முற்பகல் கரையோடு நடந்து பார்க்கலாம். ஆற்றுநீர் நின்ற பின்னரும் எங்கெங்கே ஈரம் கசிகின்றதோ, எங்கெங்கே சேறு கறுத்துக் கிடக்கின்றதோ அங்கெல்லாம் ஒரு சாக்கடை வாய் இருக்கும். பாண்டமங்கலத்தில் எத்தனை, பொத்தனூரில் எத்தனை, வேலூரில் எத்தனை, வெங்கரையில் எத்தனை என்று எண்ணி, இடத்தைக் குறித்து, அத்தாளை அடுத்த மன்றக் கூட்டத்தில் தலைவர் மேசைமேல் வைத்தல் வேண்டும்.